வங்கி அலமாரியில் இருந்த எங்கள் வீட்டுப் பாலிசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு விடியற்காலையில் கும்பகோணத்தில் உள்ள எங்கள் வீடு தீப்பிடித்தது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஏற்பட்ட மின்கசிவே காரணம் என்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் அறிக்கை கூறுகிறது. நானும் என் கணவரும் புகையில் தடுமாறிக் கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியே வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் உயிரைப் பொருட்படுத்தாமல் சமையலறைக்குள் புகுந்து சிலிண்டரைக் கழற்றி வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் தீராது. தீயணைப்பு வீரர்கள் ஒரு மணி நேரத்துக்குள் தீயை அடக்கிவிட்டார்கள் என்றாலும், கூடமும் சமையலறையும் ஒரு படுக்கையறையும் எஞ்சவில்லை. அதற்குப் பின் வந்த பதினோரு மாதங்களில் நாங்கள் பட்ட அலைச்சலின் பெரும்பகுதி, எங்கள் கையில் இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு ஆவணம் இல்லாமற்போனதால் நேர்ந்தது. தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்கிய எத்தனையோ குடும்பங்கள் இன்றும் அதே நிலையில் இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் 2011ஆம் ஆண்டு ஒரு வங்கியில் 12 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் பெற்று இந்த வீட்டைக் கட்டினோம். கடன் பத்திரங்களில் கையெழுத்திட்ட நாளில், காப்பீடும் இதில் சேர்ந்திருக்கிறது என்று அலுவலர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீட்டைத்தான் அவர் சொல்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை பிரீமியம் என்ற சுருக்கக் குறிப்போடு கழிக்கப்பட்டு வந்தது. அது எதற்கான பிரீமியம் என்று அந்த ஒற்றை வரியிலிருந்து யாராலும் அறிய முடியாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கே, என் வீட்டுக்கு ஒரு தீக்காப்பீடு இருக்கிறது என்பது வீடு எரிந்த ஒன்பதாம் நாள்தான் தெரிந்தது. திருப்பூரிலிருந்து வந்திருந்த என் மகன், பாதி நனைந்து பாதி கருகிக் கிடந்த பாஸ்புக்கை வெயிலில் உலர்த்தியபோது அந்த வரியைக் கண்டு வங்கிக்குச் சென்று விசாரித்தான். அங்கே ஓர் அலமாரியில் எங்கள் கடன் கோப்போடு பாலிசி பத்திரமாக இருந்தது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்த அதன் நகல் ஒன்றுகூட அத்தனை ஆண்டுகளில் எங்களுக்கு அனுப்பப்படவில்லை.

இதற்கிடையில், தெரியாமையால் ஒரு பெரும் பிழையைச் செய்திருந்தோம். கரிந்த பொருள்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று உறவினர்கள் வற்புறுத்தியதால், மூன்றாம் நாளே ஆள் வைத்து எல்லாவற்றையும் வாரி வெளியேற்றி, இரும்பாக மிஞ்சியதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம். காப்பீடு உள்ள வீட்டில் தீ விபத்து நேர்ந்தால், உடனே நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். மேலும் சேதம் பரவாமல் தடுப்பதற்கு வேண்டியதைத் தவிர வேறு எதையும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை அகற்றக் கூடாது. எங்களுக்கு பாலிசி இருப்பதே தெரியாத நிலையில் இந்த விதி எப்படித் தெரிந்திருக்கும்? சிலிண்டரை இழுத்துப் போட்ட அதே பிள்ளைகளில் ஒருவன் மறுநாள் காலையில் தன் கைப்பேசியில் ஒவ்வோர் அறையாக எடுத்து வைத்திருந்த படங்கள்தாம் பிற்பாடு எங்களைக் காப்பாற்றின. தீ விபத்துக்கு ஆளானவர்களிடம் நான் முதலில் வேண்டிக்கொள்வது இதுதான்: பாலிசி இருக்கிறதோ இல்லையோ, எதையும் வாரிக் கொட்டுவதற்கு முன் சுவர், கூரை, மின்பெட்டி, கருகிய சாமான் என்று எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள், காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும், தீயணைப்புத் துறையிடம் விண்ணப்பித்து அவர்களுடைய அறிக்கையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

சர்வேயர் வருவார் என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, என் மைத்துனர் நிலம் அளக்க வருகிறார்கள் என்று எண்ணி பட்டா நகலையும் வரைபடத்தையும் தேடி எடுத்து வைத்தார். நம் ஊரில் சர்வேயர் என்றால் நில அளவர்தானே? இழப்பை மதிப்பிட வரும் அவருக்கு எந்தெந்தத் தாள்கள் தேவை என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால், அன்றைய நாள் வீணாகியிருக்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இழப்பு தெரிவிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட வேண்டும், 15 நாள்களுக்குள் அவருடைய அறிக்கை பெறப்பட வேண்டும், அது கிடைத்த 7 நாள்களுக்குள் நிறுவனம் தன் முடிவைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மதிப்பீட்டாளர் வந்ததே நாங்கள் தகவல் கொடுத்த எட்டாம் நாள். அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. வந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. கருகிய சாமான்கள் எங்கே என்று கேட்டபோது என் கணவர் கலங்கிப் போய் நின்றதைப் பார்த்து, கைப்பேசிப் படங்களையும் இரும்புக் கடையின் ரசீதையும் பொறுமையாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர்.

கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிப்பக்கப் பூச்சு உதிர்ந்து சில இடங்களில் கம்பி தெரிந்தது. சிமெண்டு வைத்துப் பூசி வெள்ளையடித்தால் போதும் என்று கொத்தனார் சொன்னார். ஆனால் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய கான்கிரீட் தன் வலிமையை இழக்கத் தொடங்குகிறது. பல நேரங்களில் அதன் நிறம் இளஞ்சிவப்பாக மாறிவிடுவதே அதற்கு அடையாளம். எங்கள் கூடத்தின் கூரையில் அந்த நிறம் இருந்தது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து, சுத்தியல் கருவியால் சோதித்து, கூடத்தின் ஒரு பகுதிக் கூரையை இடித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று எழுத்தில் பெற்றோம். அந்த ஒரு தாள் இல்லையென்றால் மதிப்பீடு பூச்சு வேலையோடு நின்றிருக்கும். ஆபத்தான கூரையின் கீழ் எங்கள் பேரப்பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

பிறகு வந்தது நிறுவனத்தின் கடிதம். எங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட 24 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், காப்பீட்டுத் தொகையோ கடன் தொகையான 12 லட்சம் மட்டுமே என்றும், ஆகவே மதிப்பிடப்பட்ட இழப்பான 5,80,000 ரூபாயில் சரிபாதியான 2,90,000 ரூபாயைத்தான் தர முடியும் என்றும் அதில் எழுதியிருந்தது. குறைவான தொகைக்குக் காப்பீடு செய்தவருக்கு அந்த விகிதத்திலேயே இழப்பீட்டையும் குறைப்பது காப்பீட்டுத் துறையின் பழைய வழக்கம். தொகையை முடிவு செய்தது வங்கி, பிரீமியம் கட்டியது நாங்கள், பாதியை இழக்க வேண்டியவர்களும் நாங்கள் என்பதை ஏற்க முடியாமல் அன்று இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை.

மகனும் அவனுடைய நண்பரும் பாலிசியை வரிவரியாகப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்குக் கட்டாயம் வழங்க வேண்டும் என்று ஆணையம் வகுத்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசிதான் எங்களுடையதும். வங்கி அதை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்திருக்கிறது. அந்தப் பாலிசியில் இந்த விகிதக் கழிவு கிடையாது. வீட்டின் மதிப்பைவிடக் குறைவான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தாலும், அந்தத் தொகையின் எல்லைவரை இழப்பு முழுவதையும் கொடுத்தாக வேண்டும். வீடு குடியிருக்கத் தகாத நிலையில் இருக்கும் காலத்துக்கு வேறிடத்தில் கொடுக்கும் வாடகை, இழப்பீட்டில் 5 சதவீதம்வரை பொறியாளர் முதலியோருக்கான கட்டணம், 2 சதவீதம்வரை இடிபாடுகளை அகற்றும் செலவு ஆகியவையும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தன. ஐந்து மாதம் நாங்கள் 6,500 ரூபாய் வாடகையில் குடியிருந்தோம். அதைக் கேட்டுப் பெறலாம் என்று வங்கியும் சொல்லவில்லை, நிறுவனமும் சொல்லவில்லை. எழுதப்பட்டிருந்தது, ஆனால் எங்கள் மொழியில் இல்லை.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம். ஒரு மாதமாகியும் பதில் வராததால், ஆம்புட்ஸ்மேன் என்று சொல்லப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டோம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் உரிய அந்த அலுவலகம் சென்னைத் தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய்வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துச் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதே முக்கியமான நிபந்தனை. நாங்கள் சென்னைக்குப் போக நேரவே இல்லை. விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்ட பிறகு நிறுவனம் இறங்கி வந்து, 5,80,000 ரூபாயையும் வாடகையையும் பொறியாளர் கட்டணத்தையும் இடிபாடு அகற்றிய கூலியையும் தர ஒப்புக்கொண்டது. ஆணையத்தின் 155255 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்க முடிந்தது என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ஆனால் அந்தப் பணமும் எங்கள் கைக்கு வரவில்லை. வங்கியின் பெயரும் பாலிசியில் இருப்பதால் தொகை முழுவதும் கடன் கணக்குக்குச் சென்றது. மீதிக் கடனான 2,10,000 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டு, எஞ்சியதை எங்களுக்கு விடுவிக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் கூரை வேலை பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக, தீயிலிருந்து தப்பிய என் நகைகளைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தோம். கடன் கொடுத்தவருக்குத் தன் பணத்தின் மீது உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒழுங்காகத் தவணை கட்டிவந்த குடும்பத்தின் வீடு எரிந்து கிடக்கும்போது, வீட்டைச் சீர்படுத்துவதற்காக மதிப்பிடப்பட்ட தொகையை முதலில் அந்த வேலைக்குப் படிப்படியாக விடுவித்தால் வங்கிக்கு என்ன நட்டம்? அடமானமாக இருக்கும் வீட்டின் மதிப்புதானே அதனால் மீளும்?

வீட்டுச் சாமான்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. வங்கி கட்டடத்துக்கு மட்டுமே காப்பீடு செய்திருந்தது. சாமான்களையும் சேர்த்து எடுத்திருந்தால், பட்டியல் எதுவும் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதாவது எங்கள் கணக்கில் 2,40,000 ரூபாய்வரை, தானாகவே காப்பீடு கிடைத்திருக்கும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் அந்தக் கூடுதல் பிரீமியத்தை மகிழ்ச்சியோடு கட்டியிருப்போம். நாற்பது ஆண்டு காலம் சேர்த்த புத்தகங்களுக்கு எந்தக் காப்பீடும் ஈடாகாது. ஆனால் கட்டில், பீரோ, மோட்டார், பாத்திரம் எல்லாவற்றையும் ஓய்வூதியத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கும் பாடு இன்னமும் தொடர்கிறது.

பிறருக்குப் பயன்படும் என்பதால் இரண்டு செய்திகளை இடையில் சொல்லிவிடுகிறேன். பீரோவில் வைத்திருந்த 23,000 ரூபாய் நோட்டுகள் கருகி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. தொட்டால் உதிரும் அளவுக்குக் கருகிய நோட்டுகளை வங்கிக் கிளைகள் மாற்றித் தருவதில்லை. அவற்றை ரிசர்வ் வங்கியின் அலுவலகத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். எங்கள் மகன் அவற்றைப் பிரிக்காமல் பஞ்சு பரப்பிய பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனான். மற்றொன்று, தீக்குக் காரணம் சமையல் எரிவாயுவாக இருந்தால், எண்ணெய் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்காக எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாயும், பதிவு செய்த முகவரியில் உள்ள வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய்வரையும் அதில் கிடைக்கும். இதற்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உடனே எரிவாயு முகவரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வங்கிகளிடமும் ஆணையத்திடமும் நான் கேட்பது எளியது. யாருடைய கணக்கிலிருந்து பிரீமியம் எடுக்கப்படுகிறதோ, அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் பாலிசியின் நகல் வந்து சேர வேண்டும். அதனோடு, எந்த நிறுவனம், என்ன எண், எவ்வளவு தொகை, கட்டடத்துக்கு மட்டுமா சாமான்களுக்கும் சேர்த்தா, விபத்து நேர்ந்தால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் கேட்காமலே தமிழில் அச்சிட்ட ஒரு தாளாகத் தரப்பட வேண்டும். கடன் வழங்கும் நாளில் ஆயுள் காப்பீடு வேறு, வீட்டுக் காப்பீடு வேறு என்பதை விளக்கி, சாமான்களையும் சேர்க்க விருப்பமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். காப்பீட்டுத் தொகையைக் கடன் தொகையை வைத்து முடிவு செய்யாமல், வீட்டின் பரப்பையும் இன்றைய கட்டுமானச் செலவையும் கொண்டு கணக்கிட வேண்டும்; மனையின் விலை எரிவதில்லை என்பதால் அதைச் சேர்க்கத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது எனக்குக் கடைசியில்தான் புரிந்தது. கடன் தீர்ந்த சான்றிதழை வாங்கப் போனபோது, இனி எங்கள் வீட்டுக் காப்பீட்டை யார் புதுப்பிப்பார்கள் என்று கேட்டேன். கடன் முடிந்ததும் வங்கி அதை நிறுத்திவிடும் என்று சொன்னார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள் தவணை கட்டி முடித்து, வீடு இனி நம்முடையது என்று நிம்மதியடையும் அதே மாதத்திலிருந்து, வீட்டுக்காரருக்கே தெரியாமல் அந்த வீடு காப்பீடு இல்லாத வீடாகிறது. கடன் அடைந்த 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் 1 முதல் விதித்திருக்கிறது. அந்தப் பத்திரங்களோடு, ‘உங்கள் வீட்டுக் காப்பீடு இந்தத் தேதியோடு முடிகிறது, நீங்களே புதுப்பித்துக்கொள்ளுங்கள்’ என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்கவும் விதி செய்ய வேண்டுகிறேன். நாங்கள் மறுநாளே எங்கள் பெயரில், சாமான்களையும் சேர்த்து, 24 லட்சம் ரூபாய்க்குப் புதிய பாலிசி எடுத்துக்கொண்டோம். அதன் நகல்கள் மகன் வீட்டிலும் மைத்துனர் வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கும்பகோணம்.